வாட்டர்கலர் ஸ்வாட்ச் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

புதிதாக வாங்கிய ட்யூபைத் திறந்து தாளில் நாலு இழுப்பு இழுத்துப் பார்ப்பது வேறு, ஸ்வாட்ச் போடுவது வேறு. ஸ்வாட்ச் என்பது ஒரு நிறத்தின் குணத்தைக் காட்டும் மாதிரிப் பூச்சு. அந்த அட்டையை ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் அதை நம்ப முடிய வேண்டும். இந்த நீலம் இவ்வளவு தண்ணீரில் இந்த அளவுக்கு வரும், காய்ந்தபின் துடைத்தால் இவ்வளவு போகும், அடியில் இருக்கும் கோட்டை மறைக்காது என்று அது தெளிவாகச் சொல்ல வேண்டும். அட்டையில் தெரிவது பெயிண்டின் குணமா, தாளின் குணமா, அன்றைக்குத் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனின் வேலையா என்று பிரிக்க முடியாமல் போனால் அந்த அட்டையால் பயனில்லை. ஆகவே கீழே உள்ள எந்தக் கோளாறைச் சரிசெய்யும்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தாளையும் பிரஷையும் தண்ணீரையும் ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது.

முதலில் ஒரு நிலையான அட்டை

கோளாறு கோளாறுதான் என்று தெரிய, ஒப்பிட ஒரு அமைப்பு வேண்டும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), 100 சதவீதப் பருத்தி, லேசான சொரசொரப்புள்ள கோல்ட் பிரஸ் தாள் ஒரு ஏ4 எடுத்து நீளத்தை மூன்றாகவும் அகலத்தை மூன்றாகவும் வெட்டுங்கள். 7 செமீ அகலம், 9.9 செமீ உயரத்தில் ஒன்பது அட்டை கிடைக்கும். விலை அதிகம் என்று ஸ்வாட்சுக்கு மட்டும் மலிவான தாள் எடுப்பதில் அர்த்தமில்லை. படம் எந்தத் தாளில் போடுகிறீர்களோ அதே தாள்தான் ஸ்வாட்சுக்கும் வேண்டும். ஒரே பெயிண்ட் பருத்தித் தாளில் ஒரு மாதிரியும் மரக்கூழ்த் தாளில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும்.

அட்டையின் இடப்பக்கம் 3 செமீ அகலம், 6 செமீ நீளத்தில் ஒரு பட்டை, மேலே கெட்டியாகத் தொடங்கிக் கீழே வரவர மெலிந்து இறங்குவது. அதன் மேல் விளிம்பிலிருந்து 1 செமீ கீழே, தண்ணீரில் கரையாத பேனாவால் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. வலப்பக்கம் 1.5 செமீ சதுரம் இரண்டு: ஒன்று துடைத்துப் பார்க்க, ஒன்று மேல்பூச்சு (காய்ந்த நிறத்தின்மேல் இன்னொரு மெல்லிய பூச்சு) வைத்துப் பார்க்க. அடியில் இரண்டு செமீ எழுதுவதற்கு. எழுத்தை எச்பி பென்சிலால், பெயிண்ட் தொடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பத்து அட்டை வரிசையாகக் காயும்போது எது எது என்று மறந்துபோவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு.

எழுத வேண்டியவை: தயாரிப்பாளர், நிறத்தின் பெயர், நிறமி எண், தாள், தேதி. இவற்றில் நிறமி எண்தான் முக்கியம், உள்ளே நிறம் தரும் பொருள் எது என்று சொல்வது அதுதான். ட்யூபின் முதுகில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக அச்சிட்டிருக்கும். அல்ட்ராமரீன் என்றால் பிபி 29 (PB29), தாலோ நீலம் பிபி 15, பர்ன்ட் சியன்னா பெரும்பாலும் பிபிஆர் 7 அல்லது பிஆர் 101, குவினாக்ரிடோன் ரோஸ் பிவி 19. "சாப் கிரீன்" என்ற பெயரில் மூன்று தயாரிப்பாளரிடம் மூன்று கலவை இருக்கும். பெயரை மட்டும் எழுதிய அட்டை அடுத்த ட்யூப் வாங்கும்போது கைகொடுக்காது.

ஈரத்தில் அழகாக இருந்தது, காய்ந்ததும் வெளிறிவிட்டது

வாட்டர்கலரின் இயல்பு இது. ஈரமாக இருக்கும்போது நாருக்கும் நிறமித் துகளுக்கும் இடையிலுள்ள இடுக்குகளைத் தண்ணீர் நிரப்பியிருக்கும், வெளிச்சம் சிதறாமல் உள்ளே போகும், நிறம் ஆழமாகத் தெரியும். தண்ணீர் போனதும் அந்த இடுக்கில் காற்று வந்து உட்காரும், வெளிச்சம் சிதறும், நிறம் வெளிறும். நனைந்த வேட்டி காயும்போது பார்த்த அதே மாற்றம்தான்.

ஆனால் அளவுக்கு மீறி வெளிறினால் வேறு காரணம் தேடுங்கள். பேன், அதாவது சிறு கிண்ணத்தில் காய்ந்த கட்டியாக வரும் பெயிண்டாக இருந்தால் அது இளகாமலே பிரஷில் ஏறியிருக்கும். தீட்டத் தொடங்கும் முன் ஒவ்வொரு பேனிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். பிரஷை வைத்தால் மேற்பரப்பு தேன்போல் இழுபட வேண்டும். ட்யூபாக இருந்தால் பட்டையின் மேல்முனையில் வைக்கும் முதல் தொடுகையைப் பாலைவிடக் கெட்டியாக, கிட்டத்தட்ட கடைந்த தயிர் பதத்தில் வையுங்கள். ஈரத்தில் "இது கொஞ்சம் அதிகமோ" என்று தோன்றும் அளவுதான் காய்ந்தபின் சரியாக இருக்கும். அட்டை முழுதும் காயாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது.

ஒரே ட்யூப், இரண்டு அட்டை, இரண்டு நிறம்

பிரஷில் ஏறிய தண்ணீரைக் கண்ணால் மதிப்பிடும்வரை இது நடக்கும். மருந்துக்கடையில் ஊசி இல்லாத 1 மிலி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். ஸ்வாட்ச் வேலையில் இதைவிடப் பலன் தரும் செலவு கிடையாது.

ட்யூபின் வாய் சுமார் 5 மிமீ அகலம் இருந்தால், 1 செமீ நீளம் பிதுக்கினால் ஏறத்தாழ 0.2 மிலி பெயிண்ட் வரும். அதைச் சிறிய கிண்ணத்தில் போட்டு 0.8 மிலி தண்ணீர் விட்டு, கட்டி இல்லாமல் கரையுங்கள். இது முதல் கிண்ணம். இதிலிருந்து 0.5 மிலி எடுத்து இரண்டாவது கிண்ணத்தில் விட்டு அதே அளவு தண்ணீர் சேருங்கள். இரண்டாவதிலிருந்து 0.5 எடுத்து மூன்றாவதில் அதேபோல், மூன்றாவதிலிருந்து நான்காவதிலும் அப்படியே. ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி அடர்த்தி. நான்கையும் 1.5 செமீ சதுரங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் தீட்டுங்கள். இதற்கு இன்னொரு அட்டை தேவைப்படும், எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நான்கு சதுரம் சொல்லும் செய்தி ஒற்றைப் பட்டையில் கிடைக்காது. தாலோ நீலம் நான்காவது கிண்ணத்திலும் சத்தமாக நிற்கும். டெர் வெர்ட் என்னும் பச்சை மண், இரண்டாவது கிண்ணத்திலேயே மெலிந்துவிடும். இரண்டையும் கலக்கும்போது எதில் எத்தனை சொட்டு என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது. இது புதிய யோசனையும் அல்ல: 1692இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒருவர் 700 பக்கங்களுக்கு மேல் கையாலேயே நிறம் தீட்டி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் என்ன ஆகும் என்று காட்டினார். அந்தக் கைப்பிரதி பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

அட்டை பளபளக்கிறது, தொட்டால் விரல் ஒட்டுகிறது

மூன்று காரணம் உண்டு. எது என்று பிரித்துப் பாருங்கள்.

ட்யூபைத் திறந்ததும் முதலில் நிறமில்லாத அல்லது லேசாக நிறம் ஏறிய திரவம் ஒழுகி வந்ததா? அது பிரிந்துபோன கருவேலம் பிசின் கரைசல். நிறமி அடியில் தங்கிவிட்டது. அந்த முதல் சொட்டை வைத்துப் போட்ட ஸ்வாட்ச் மெலிந்தும் மினுமினுப்பாகவும் இருக்கும், பெயிண்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. திரவத்தைத் துடைத்து எறியாதீர்கள், அதுவும் பெயிண்டின் பகுதி. பல் குத்தும் குச்சியை வாய் வழியாக ட்யூபின் அடிவரை விட்டுக் கலக்கி, மூடி, உள்ளங்கையில் இரண்டு நிமிடம் உருட்டிப் பிசையுங்கள். பிறகு ஒருநாள் தலைகீழாக நிறுத்தி வைத்துத் திறந்தால் ஒரே பதத்தில் வரும்.

திரவம் பிரியவில்லை, ஆனால் பட்டையின் மேல்முனை மட்டும் வெண்கலம்போல் மின்னுகிறது என்றால் பெயிண்ட் அளவுக்கு மீறித் தடிமனாகப் போயிருக்கிறது. தாலோ நீலத்திலும் ப்ரஷ்யன் நீலத்திலும் இதை அதிகம் பார்க்கலாம். ஒரு பங்கு தண்ணீர் கூட்டுங்கள்.

மூன்றாவது, தேன் சேர்த்த பெயிண்ட். சில தயாரிப்பாளர்கள் எளிதில் இளகுவதற்காகப் பிசினோடு தேன் சேர்க்கிறார்கள். வறண்ட ஊரில் பிரச்சினையில்லை. சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊரில் தேன் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் தடித்த இடம் வாரக்கணக்கில் ஒட்டும். அந்த பெயிண்டுகளின் கெட்டியான முனையை மெல்லியதாக்குங்கள், அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.

பட்டையின் நடுவே காலிஃபிளவர் பூத்திருக்கிறது

பாதி காய்ந்த இடத்துக்குள் அதைவிட ஈரமான பிரஷ் நுழைந்தால் தண்ணீர் நிறமியைத் தள்ளிக்கொண்டு ஓடி, விளிம்பில் சுருக்கச் சுருக்கமாகக் குவிக்கும். ஸ்வாட்சில் இது வருவதற்கு இரண்டே வழி. ஒன்று, இறக்கிக்கொண்டே வரும்போது மேலே "இன்னும் கொஞ்சம்" என்று திரும்பப் போய்த் தொட்டது. மற்றொன்று, பட்டையின் அடியில் திரண்ட சொட்டை அப்படியே விட்டது. மேலே காய்ந்ததும் அந்தச் சொட்டு பின்வாங்கி ஏறும்.

முதலாவதற்குத் தீர்வு கட்டுப்பாடு: மினுமினுப்பு மறைந்த இடத்தைத் தொடவே கூடாது. இரண்டாவதற்குத் தீர்வு ஒரு நொடி வேலை. பட்டையை முடித்ததும் பிரஷைக் கழுவி, துணியில் ஒற்றி, அந்த வெறும் பிரஷின் நுனியைச் சொட்டின் மேல் வையுங்கள். தானாக உறிஞ்சும். அட்டையை ஒரு அழிப்பான் மேல் சாய்த்து வைத்துத் தீட்டினால் சொட்டு எப்போதும் ஒரே இடத்தில் திரளும், எடுப்பது எளிது. ஹேர் ட்ரையர் போடுபவர்கள் மினுமினுப்பு போகும்வரை பொறுங்கள். அதற்கு முன் போட்டால் காற்றே நிறத்தைத் தள்ளிக் கோலம் போட்டுவிடும். ஒரு முழத் தூரம், குறைந்த சூடு.

இறக்கம் மென்மையாக வராமல் படிக்கட்டாக வருகிறது

ஒரு தொடுகைக்கும் அடுத்ததற்கும் இடையில் விளிம்பு காய்ந்துவிட்டது. கத்திரி வெயில் நாளில் ஃபேனுக்கடியில் 6 செமீ பட்டையை இறக்குவது முடியாத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஏசியின் காற்று நேராக மேசைமேல் விழாமல் பாருங்கள். பிரஷையும் பெரிதாக்குங்கள்: 8ஆம் எண் வட்டப் பிரஷ் அல்லது அரை அங்குலத் தட்டைப் பிரஷ். சிறிய பிரஷ் மூன்று முறை தண்ணீருக்குப் போகும் நேரத்தில் தாள் குடித்து முடித்துவிடும்.

செய்முறை: மேலே 1.5 செமீ அளவுக்குக் கெட்டியான பெயிண்ட். பிரஷை ஒருமுறை தண்ணீரில் முக்கி, கிண்ண விளிம்பில் ஒருமுறை வழித்து, முதல் தொடுகையின் அடி விளிம்பை லேசாக உரசியபடி அடுத்த 1.5 செமீ. மறுபடி முக்கு, வழி, இறக்கு. நான்கு நகர்வில் முடியும். ஒவ்வொரு முறையும் அதே ஒரு முக்கல், ஒரு வழிப்பு. எண்ணிக்கை மாறினால் அட்டைகளை ஒப்பிட முடியாது.

சுற்றிலும் அடர்ந்த கோடு விழுந்து நடு வெளுத்திருந்தால் காரணம் எதிர்ப்பக்கம்: தண்ணீர் அதிகமாகித் தேங்கி, விளிம்பில் முதலில் காய்ந்து, நிறமியை ஓரத்துக்கு இழுத்திருக்கிறது. மேசையில் சிந்திய காப்பி வட்டமாகக் காய்வதும் இதே காரணத்தால்தான்.

திட்டுத் திட்டாக, அம்மைத் தழும்புபோல் வருகிறது

பெரும்பாலோர் பெயிண்டைக் குறை சொல்வது இங்கேதான். குற்றம் அநேகமாகத் தாளின்மேல். வாட்டர்கலர் தாள் தண்ணீரை உடனே குடித்துவிடாதபடி உற்பத்தியின்போதே ஜெலட்டின் போன்ற ஒரு பசை ஏற்றியிருப்பார்கள். அதற்கு சைசிங் என்று பெயர். அந்தப் பசை இருப்பதால்தான் நிறமி மேலே தங்கிப் பிரகாசமாகத் தெரிகிறது. புழுக்கமான அறையில் பிரித்த தாள் மாதக்கணக்கில் கிடந்தால் பசை இடத்துக்கு இடம் கெட்டுப்போகும். கெட்ட புள்ளியில் பெயிண்ட் ஒற்றுத்தாளில் மைபோல இறங்கி, அடர்ந்த சொறிப்புள்ளியாகத் தெரியும்.

உறுதிசெய்யத் தாளின் ஓரத்தில் வெறும் தண்ணீரை அகலமாகத் தடவி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். நல்ல தாளில் ஈரப்படலம் கண்ணாடிபோல் ஒரே சீராக மின்னும். பசை போன தாளில் அந்த மினுமினுப்புக்கு நடுவே ஊசிமுனை முதல் கடுகளவு வரை மங்கலான குழிகள் தெரியும், சில நொடியில் அவை கறுத்து நனையும். அந்தக் கட்டுத் தாளை ஸ்வாட்சுக்கு எடுக்காதீர்கள். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், க்வாஷ் (அடியை மறைக்கும் வகை வாட்டர்கலர்) அல்லது அக்ரிலிக் போடலாம். புதுக்கட்டைத் திறந்ததும் காற்றுப் புகாத உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடி வைத்தால் இந்த நிலை வருவது வெகுவாகத் தள்ளிப்போகும்.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு: பெயிண்ட் சில இடத்தில் ஒட்டாமல் விலகி வெள்ளைத் திட்டு விடும். அது விரல் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு, கைக்கு க்ரீம் தடவிய கையோடு தாளைத் தொடாதீர்கள். அட்டையை விளிம்பில் பிடியுங்கள்.

தாள் வளைந்து குழியில் நிறம் தேங்குகிறது. டேப் எடுத்தால் தாளும் வருகிறது

200 ஜிஎஸ்எம் தாள் என்றால் வளையும், 300க்குப் போங்கள். 300ஆக இருந்தும் வளைந்தால் அட்டையின் நான்கு பக்கமும் 5 மிமீ மாஸ்கிங் டேப் ஒட்டிப் பலகையில் இறுக்குங்கள். ஏற்கெனவே வளைந்து காய்ந்த அட்டையின் பின்புறம் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களுக்கடியில் ஓரிரவு விட்டால் நிமிர்ந்துவிடும். முன்பக்கம் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேப் தாளைக் கிழித்தால், ஒட்டுமுன் அதை ஒருமுறை சட்டையிலோ துணியிலோ ஒட்டி எடுத்துப் பிசுக்கைக் குறையுங்கள். அட்டை முழுதும் காய்ந்தபின், டேப்பை அதன்மேலேயே மடித்தபடி, தாளோடு ஒட்டினாற்போல் மெல்ல இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் நார் எழும்பும். ஹேர் ட்ரையரால் சில நொடி சூடு காட்டினால் பசை தளரும். பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் இந்த வேலைக்கே ஆகாது. சைசிங் போன தாளில் எந்த டேப்பும் கிழிக்கத்தான் செய்யும்.

மஞ்சள் பச்சையடிக்கிறது, எல்லாமே கொஞ்சம் அழுக்காக இருக்கிறது

தண்ணீர் இரண்டு டப்பா: ஒன்று கழுவ, ஒன்று பெயிண்டில் சேர்க்க. கழுவும் தண்ணீரில் மஞ்சள் கரைத்தால் மஞ்சள் எங்கிருந்து மஞ்சளாக வரும்? வரிசையும் முக்கியம். மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, நீலம், பச்சை, மண் நிறங்கள், கறுப்பு என்று போங்கள். பேன் பெட்டியில் மஞ்சளின் மேல் வேறு நிறம் ஏறியிருந்தால் ஈரத் துணியால் மேற்பரப்பைத் துடைத்துவிட்டு எடுங்கள். இதையெல்லாம் செய்தும் அழுக்கு போகவில்லையா? பிரஷின் உலோகக் கழுத்தை வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்துங்கள். அங்கே ஒளிந்திருந்த தாலோ பச்சை வெளியே வரும்.

பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். காட்மியம், கோபால்ட் நிறமிகள் வயிற்றுக்குள் போகக்கூடாதவை.

கறுப்புக் கோடு கரைகிறது

"பெர்மனென்ட்" என்று எழுதிய மார்க்கரை நம்பி இழுத்திருப்பீர்கள். அதில் சாய மை இருக்கும், தாளில் ஊதா நிழல் பரவும். நிறமி மை உள்ள வரைபேனா அல்லது தண்ணீரில் கரையாத இந்தியன் இங்க் எடுங்கள், கோடு இழுத்து ஒரு நாள் விடுங்கள். கோட்டின்மேல் பெயிண்ட் காய்ந்தபின் சாம்பல் படலம் தெரிந்தால் அது மறைக்கும் பெயிண்ட். காட்மியம் மஞ்சள் அப்படி. ஒன்றுமே தெரியாமல் கோடு பளிச்சென்று இருந்தால் ஊடுருவும் பெயிண்ட். மேல்பூச்சுக்கு எதை நம்பலாம் என்பது இந்தக் கோட்டில்தான் தெரியும்.

வெள்ளை பெயிண்டுக்கும் இதுவே வழி. வெள்ளைத் தாளில் வெள்ளை தெரியாது. கறுப்பு அட்டையில் ஜிங்க் வெள்ளையையும் டைட்டானியம் வெள்ளையையும் பக்கத்தில் வைத்தால் முன்னது புகைபோலவும் பின்னது சுண்ணாம்புபோலவும் நிற்பது உடனே புரியும்.

துடைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறை ஒவ்வொரு விடை

காய்ந்து ஒரு மணி நேரத்தில் துடைத்ததையும் ஒரு வாரத்தில் துடைத்ததையும் ஒப்பிடுகிறீர்கள். விதியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: 24 மணி நேரம் கழித்து, ஈரமான தட்டைப் பிரஷ், ஐந்து இழுப்பு, உடனே டிஷ்யூ ஒரு ஒற்று. அவ்வளவுதான். அல்ட்ராமரீன் பெரும்பாலும் எழும்பி வெள்ளை தெரியும், தாலோ நீலம் கறையாகத் தங்கும். தாள் கரடுமுரடானால் தேய்ப்பு அதிகம், அதை பெயிண்டின் குணமாக எழுதாதீர்கள்.

மணல்போல் திரளும் என்றார்கள், வழவழவென்று வருகிறது

கிரானுலேஷன், அதாவது நிறமித் துகள் இப்படித் திரள்வது, தெரிய மூன்று வேண்டும்: பள்ளமுள்ள தாள், தாராளமான தண்ணீர், மெதுவாகக் காயும் நேரம். வழவழப்பான ஹாட் பிரஸ் தாளில் துகள் தங்கப் பள்ளமே இல்லை. கோல்ட் பிரஸ் அல்லது ரஃப் தாளில், அல்ட்ராமரீனை மூன்றாவது கிண்ணத்து அடர்த்தியில் நிறையத் தேக்கி, படுக்கையாக வைத்துக் காயவிடுங்கள். ஹேர் ட்ரையர் வேண்டாம். போர்வெல் தண்ணீரின் உப்பும் துகள்கள் திரளும் விதத்தை மாற்றும், காய்ந்தபின் வெண்படலமும் விடும். எல்லா அட்டைக்கும் ஒரே ஆர்ஓ தண்ணீர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கலவைக் கட்டத்தில் பாதி சேறாக இருக்கிறது

பத்து நிறத்தை இரண்டிரண்டாகக் கலந்தால் 45 கலவை. அதில் எது தெளியும், எது மங்கும் என்று நிறமி எண்ணைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். எலுமிச்சை மஞ்சளோடு தாலோ நீலம் சேர்ந்தால் தளிர்ப்பச்சை. ஆரஞ்சு சாய்ந்த மஞ்சளோடு சிவப்பு சாய்ந்த அல்ட்ராமரீன் சேர்ந்தால் ஆலிவ். இரண்டிலும் கொஞ்சம் சிவப்பு ஒளிந்திருக்கிறது, அது பச்சையைத் தணிக்கிறது. இது கோளாறு அல்ல, இலைகளுக்குத் தேவையான பச்சை அங்கேதான் இருக்கிறது. உண்மையான கோளாறு, மூன்று நிறமி கொண்ட ட்யூபை இன்னொரு மூன்று நிறமி ட்யூபோடு கலப்பது. கட்டத்துக்கு ஒற்றை நிறமி ட்யூப்களை மட்டும் எடுங்கள். வலுவான நிறத்தை மெலிந்ததில் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். மஞ்சளில் தாலோவைச் சேர்க்க வேண்டும், தாலோவில் மஞ்சளைச் சேர்த்தால் அரை ட்யூப் போனாலும் நீலம் அசையாது.

ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டது, பூஞ்சை பூத்தது

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போட்ட அட்டையை அன்றே பிளாஸ்டிக் உறையில் செருகினால் உள்ளே மாட்டிய ஈரம் எங்கும் போகாது. பிசினும் தேனும் பூஞ்சைக்குச் சாப்பாடு. இரண்டு மூன்று நாள் காற்றாட விட்டு, பிளாஸ்டிக்குக்குப் பதிலாக வளையத்தில் கோத்தோ அட்டைப்பெட்டியில் நிறுத்தியோ வையுங்கள், கூடவே சிலிக்கா ஜெல். பேன் பெட்டியையும் ஈரத்தோடு மூடாதீர்கள். கையால் அரைத்த பெயிண்டாக இருந்தால் அரைக்கும்போதே ஒரு சொட்டுக் கிராம்புத் தைலம் சேர்ப்பது பழைய வழக்கம்.

போன் படத்தில் நிறம் வேறாக இருக்கிறது

டியூப்லைட்டை அணையுங்கள். நேர்வெயில் படாத ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், தீட்டாத வெள்ளை விளிம்பும் சட்டத்துக்குள் வரும்படி எடுத்து, அந்த விளிம்பு வெள்ளையாகத் தெரியும்வரை வொயிட் பேலன்ஸைத் திருத்துங்கள். பளிச்சென்ற தாலோ டர்க்காய்ஸை சாதாரணத் திரையால் முழுதாகக் காட்டவே முடியாது, அதற்காகப் படத்தைக் கடுமையாகத் திருத்தி மற்ற நிறங்களைக் கெடுக்க வேண்டாம். இரவில் வேலை செய்பவர்கள் சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்னும் அளவு) 90க்கு மேல் உள்ள எல்இடி வாங்குங்கள். இல்லையென்றால் விளக்கில் ஒன்றுபோல் தெரிந்த இரண்டு பச்சை காலையில் வேறு வேறாக இருக்கும்.

சுவரில் மாட்டிய ஸ்வாட்ச் வெளுத்துவிட்டது

வெளுத்தது வருத்தம்தான், ஆனால் படம் வெளுக்குமுன் அட்டை வெளுத்தது உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை. இதைத் திட்டமிட்டே செய்யுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் இரண்டாவது கிண்ணத்து அடர்த்தியில் ஒரு பட்டை தீட்டி, பாதியை அலுமினியத் தாள் சுற்றிய அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே ஒட்டுங்கள். தேதியைப் பின்னால் எழுதுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, மூன்று மாதத்தில் முடிவெடுங்கள். பிபி 29, மஞ்சள் மண் நிறமான பிஒய் 42, பிபிஆர் 7 ஆகியவை அசையாமல் நிற்க வேண்டும். பழைய அலிசரின் க்ரிம்சன், அதாவது பிஆர் 83, வெளுப்பதைக் கண்ணால் பார்ப்பீர்கள். ஓபரா பிங்க்கில் ஒளிரும் சாயம் முதலில் போய், அடியிலுள்ள சாதாரண மெஜந்தா மட்டும் மிஞ்சும்.

ப்ரஷ்யன் நீலத்துக்கு, அதாவது பிபி 27க்கு, மட்டும் ஒரு விலக்கு. வெயிலில் மெலிந்த அதை இருட்டில் காற்றோட்டமாக வைத்தால் நிறம் ஓரளவு திரும்பி வரும். ஆகவே அந்தப் பட்டையை ஜன்னலிலிருந்து எடுத்த அன்றே மூடியிருந்த பாதியோடு ஒப்பிட்டு எழுதிவிடுங்கள், மறுவாரம் பார்த்தால் வேறு விடை இருக்கும். நிறம் வெளிச்சத்தை எவ்வளவு தாங்கும் என்று காட்டத் தயாரிப்பாளர் ட்யூபில் போடும் நட்சத்திரங்கள் அவரவர் சொந்த அளவுகோல். ஏஎஸ்டிஎம் என்னும் பொதுத் தர அளவில் ஒன்று அல்லது இரண்டு என்றோ, எட்டுப் படி கொண்ட ப்ளூ வுல் அளவில் ஏழு, எட்டு என்றோ இருந்தால் விற்கும் படத்துக்கு எடுக்கலாம். உங்கள் ஜன்னலில் மூன்று மாதத்தில் வெளுத்ததை, ட்யூப் என்ன சொன்னாலும், நாட்குறிப்புப் படங்களுக்கு ஒதுக்கிவிட்டு அட்டையின் மூலையில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள்.